கான்பூர் குப்பையிலிருந்து எழுந்த லிபரேட்டர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரத்து பீமா அருங்காட்சியகத்தில் பி-24 லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. உடலில் அமெரிக்க வண்ணமும் அமெரிக்கப் பெயரும் பூசியிருக்கிறார்கள். ஆனால் 1968 வரை அதன் எண் எச்.இ. 877, அது இந்திய விமானப்படையின் விமானம். இந்த லிபரேட்டர்களின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 18,000-க்கும் அதிகமான லிபரேட்டர்கள் செய்யப்பட்டன. நான்கு எஞ்சின்கள், இறக்கையின் நீளம் 110 அடி. குண்டறையின் கதவு, நம் கடைகளின் ஷட்டரைப் போலச் சுருண்டு மேலேறும். போர் முடிந்ததும் இவை யாருக்கும் வேண்டாத பாரமாகின. பிரிட்டிஷ் படையிடம் இருந்தவை அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் கொடுத்தவை; போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும். அதனால் மீண்டும் பறக்கவே கூடாது என்று, கான்பூரின் சகேரி விமானத்தளத்தில் பிரிட்டிஷார் அவற்றை அடித்து உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

1948-இல் புதிய இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கப் பணமும் இல்லை. அந்தக் குவியலைச் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வி பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்கு வந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் அங்கே இருந்தன. கான்பூருக்குப் போன தொழிலாளர்கள் ஒன்றில் இருந்ததைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள். பறக்கும் அளவுக்கு மட்டும் தேற்றி, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். முழுச் செப்பனிடுதல் அங்கேதான் நடந்தது. சுமார் 1,500 கிலோமீட்டர்! காயலாங்கடைக்குப் போக வேண்டிய விமானத்தில் அத்தனை தூரம் பறந்து வந்தவர், தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. அந்தத் துணிச்சலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இப்படி நாற்பதுக்கும் மேற்பட்டவை உயிர்பெற்றன. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு இவற்றைக் கொண்டே தொடங்கியது. பிறகு 6-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றில் கடற்கண்காணிப்பு செய்தது. மற்ற நாடுகளில் லிபரேட்டர்கள் உருக்கப்பட்டு அலுமினியமாகிவிட்ட பிறகும், இங்கே 1968 வரை வேலை செய்துகொண்டிருந்தன.

ஓய்வு கொடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று முழு உருவில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச லிபரேட்டர்களில் பல இந்தியாவிலிருந்து போனவை. பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒன்று பரிசாகப் போனது. இன்னொன்று அமெரிக்காவில் புதுப்பிக்கப்பட்டு 1989-இல் மறுபடியும் வானேறியது. போன இடத்தில் அந்தந்த நாட்டு வண்ணம் பூசிவிட்டார்கள். அவர்களுடைய வீரர்கள் இத்தகைய விமானங்களில் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்; அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகட்டை இருபது ஆண்டுகள் அரித்துப்போகாமல் காத்தவர்கள் நம் தொழிலாளர்கள். அவர்கள் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். விளக்கப் பலகையில் பெங்களூருக்கென்று இரண்டு வரியாவது வேண்டும் என்று மனமாரக் கேட்கிறேன்.

டெல்லிக்குப் போகும் நேயர்கள் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். இந்திய வண்ணத்திலேயே ஒரு லிபரேட்டர் அங்கே இருக்கிறது. லைசாண்டர் என்ற சிறிய விமானத்தையும் தேடிப் பாருங்கள். நாம் ஒரு லிபரேட்டரைக் கொடுத்து, அதற்கு ஈடாகக் கனடாவிடமிருந்து வாங்கியது அது.

நன்றி, வணக்கம்.