மேகத்தைப் பார்த்து, கடல் காற்றைச் சொல்வது

எல்லோருக்கும் வணக்கம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் நம் சென்னையைக் கடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரைக்கு வந்துவிட்ட காற்றை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் கருவி வைத்து அளந்துவிடலாம். அதற்கு முன்னால், புயல் நடுக்கடலில் இருந்தபோது அதன் வேகம் நமக்கு எப்படித் தெரிந்தது? கப்பல்கள் புயல் என்றாலே விலகிப் போய்விடும். கருவி பொருத்திய மிதவைகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே விமானம் ஓட்டி அளக்கிறார்கள். வங்கக் கடலில் அந்த வழக்கம் இல்லை. செயற்கைக்கோளை விட்டால் நமக்கு வேறு வழி கிடையாது.

இன்றும் அடிப்படையாக இருப்பது வெர்னன் டுவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர் 1970-களில் வகுத்த முறை. மேகப் பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது, கண், அதாவது புயலின் நடுவில் மேகமற்ற வட்டம், தெரிகிறதா, கண் எவ்வளவு வெதுவெதுப்பு, சுற்றியுள்ள மேக உச்சி எவ்வளவு குளிர் என்று இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, 1 முதல் 8 வரை ஓர் எண் கொடுப்பார்கள். 2.5 என்றால் காற்று 35 நாட், அதாவது மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர், புயல் என்று பெயர் வைக்கும் நிலை. 4 என்றால் 65 நாட், மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். படத்தைப் படிப்பவர் மனிதர். ஒரே படத்துக்கு இருவர் அரை எண் தள்ளிச் சொல்வது சகஜம். அந்த அரை எண்ணுக்குள் 10 நாட் போய்விடும். அறிக்கையில் 'மணிக்கு 110 முதல் 120' என்று இடைவெளி விட்டுச் சொல்வதை மழுப்பல் என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது.

அப்புறம், கடல் பரப்பையே தொட்டுப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. நம் செயற்கைக்கோள்கள் ஓஷன்சாட்-2 2009-லும், ஸ்காட்சாட்-1 2016-லும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதைச் சுமந்து போயின. காற்று பட்டதும் நீரில் எழும் சென்டிமீட்டர் அளவுச் சிற்றலைகள் ரேடார் கதிரைத் திருப்பி அனுப்பும். காற்று கூடினால் திரும்பும் கதிரும் கூடும்; காற்றின் திசையும் கிடைக்கும். சிக்கல் எங்கே என்றால், கண்ணைச் சுற்றிக் கொட்டும் மழை இந்தக் கதிரைக் குழப்பிவிடும். காற்று மிக வலுத்தால் திரும்பும் கதிர் அதற்கு ஈடாகக் கூடுவதும் நின்றுவிடும். ஆகவே வெளிவட்டத்தில் எவ்வளவு தூரம் பலத்த காற்று பரவியிருக்கிறது என்பதற்கு இதை நம்பலாம். உச்ச வேகத்துக்கு மறுபடி மேகப் படத்திடம்தான் போக வேண்டும். காசிமேட்டுப் படகுக்காரருக்கு அந்த வெளிவட்டம்தான் முக்கியம், ஏனென்றால் கண் வரும் முன்பே அது வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. செல்போனில் அமெரிக்கப் புயல் எச்சரிக்கை மையம் சொல்லும் காற்று வேகத்தைப் பார்த்துவிட்டு, 'நம் ஆட்கள் குறைத்துச் சொல்கிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவர்கள் சொல்வது ஒரு நிமிடச் சராசரி, நம் வானிலைத் துறை சொல்வது மூன்று நிமிடச் சராசரி. ஒரே காற்றுதான், ஒரு நிமிடக் கணக்கு சற்றுக் கூடுதலாகத்தான் வரும்.