முதுமரச் சோலையில் நாயுடன் நடத்தல்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கையின் மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக வெட்டி வீழ்த்தப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில், 5000 அடி உயரத்துக்கு மேற்பட்ட காடுகளில் கைவைக்கலாகாது என்னும் கட்டுப்பாடு, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்பேரில் 1873இல் வந்தது. அதற்குக் கீழே பெரும்பாலும் ஓடைக்கரைத் துண்டுகளும், முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் விடப்பட்ட சோலைகளுமே தப்பின. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே நிற்கும் அத்தகைய சோலைக்குள் வளர்ப்பு நாயை அழைத்துச் செல்வோரிடமே இன்று பேசுகிறேன்.

தேயிலைச் சரிவில் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும் நாய், முதுமரங்களின் கீழ் வந்ததும் நடையைத் தளர்த்திவிடும். காற்று அசையாத குளிர்ந்த ஈரநிலத்தில் வாசனை நெடுநேரம் தங்குகிறது. மரை கொம்பைத் தேய்த்து உரித்த பட்டையிலும், முள்ளம்பன்றி கிளறிய வேர்ச்சந்திலும் அது மூக்கைப் புதைத்து நிற்கையில் கயிற்றைச் சுண்டி இழுப்பது அதன் உலாவையே கெடுப்பதாகும். நாமும் அந்நேரத்தில் மரத்தை நிமிர்ந்து பார்க்கலாம். பாசி மூடிய கிளையில் படிந்த மூடுபனி நீராகத் திரண்டு, மழையில்லாத நாளிலும் வேரடிக்குச் சொட்டுவதைக் காணலாம். சாமி மரத்தடிக்கு நாய் வரலாமா என்பதில் மட்டும் பெரியவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. வைரவரின் வாகனம் என்று விடுவோரும் உண்டு, கல்லெல்லைக்கு வெளியே நிறுத்துவோரும் உண்டு. பூசாரியைக் கேட்டு நடப்பதே முறையென்பது என் எண்ணம்.

எவ்வளவு பழகிய நாயாயினும் கயிற்றைக் கழற்றலாகாது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை. அந்தி சாய்ந்த பின்னும் விடியுமுன்னும் சோலைப்பக்கம் போகாதிருப்பதே நல்லது. சிறுத்தையைவிட நான் அஞ்சுவது சுருக்குக் கம்பிக்கே. காட்டுப்பன்றிக்கென மரக்கறித் தோட்டத்து ஓரங்களில் கட்டப்படும் அக்கம்பி, வருவது பன்றியா நாயா என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அதில் சிக்கி, சிகிச்சையளித்தும் இறந்தது. நாய் சிக்கினால் திமிறத் திமிறக் கம்பி இறுகும். ஆகையால் அதை அணைத்து அசையாமல் பிடித்து, கம்பி கட்டிய பக்கமாகவே நகர்த்தித் தளர்வு உண்டாக்கிய பின்னரே வெட்ட வேண்டும். புண் சிறிதாகத் தோன்றினாலும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கம்பி கிடந்த இடத்தை வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களுக்குள் நாயைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. நாயிடமிருந்து விசர்நோயும் வேறு நோய்களும் காட்டு விலங்குகளுக்குத் தொற்றக்கூடும் என்பதால் இக்கட்டுப்பாடு நியாயமானதே; தோட்டத்துச் சோலைக்குப் போகும் நாய்க்கும் ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வீடு திரும்பியதும் கால்விரல் இடுக்கு, காதின் உட்புறம், வாலடி ஆகிய இடங்களில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கடித்திருப்பதைப் பிய்த்து எடுக்காமல், நகத்தை அதன் வாயடியில் கொடுத்து நெம்பிவிட்டால் போதும். தேங்கிய நீரைக் குடித்த நாய் தொடர்ந்து தும்மி, ஒரு நாசியால் மட்டும் இரத்தம் கசிந்தால், அட்டை மூக்குக்குள் ஏறியிருக்கலாம். அதை வீட்டில் எடுக்க முயலாமல் வைத்தியரிடமே விடுங்கள்.