பத்து நிமிடக் கணக்கு

வணக்கம் நேயர்களே.

போன மாதம் பெங்களூரு சிவாஜிநகர் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வாசலை ஒட்டி வண்டி நிறுத்தப் பத்து நிமிடம்தான் அனுமதி, மீறினால் அபராதம் என்று பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்கும்படி மாற்றிய கார் ஓட்டுகிறேன். இறங்க வேண்டுமென்றால் முதலில் சீட்டைப் பின்னால் தள்ளுவேன். பக்கத்து சீட்டில் இருக்கும் சக்கர நாற்காலியின் சட்டத்தை மடிமேல் இழுத்து, கதவு வழியாகத் தரையில் இறக்குவேன். பிறகு ஒரு சக்கரம். சரியாக மாட்டியதா என்று ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் இன்னொன்று. மெத்தை. பிரேக். கடைசியில்தான் கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி நாற்காலிக்கு மாறுவது. அவசரப்பட்டால் விழுவேன், விழுந்தும் இருக்கிறேன். நிதானமாகச் செய்தால் ஆறேழு நிமிடம் ஆகும். மழை நாளில் பத்து. அன்றைக்கு நல்ல மழை.

கதவைச் சாத்தும்போதே பார்க்கிங் தம்பி வந்து, "மேடம், டைம் ஆயித்து" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையிலிருந்த மெஷினில் கார், பைக் என்று இரண்டே பட்டன். அவர் எதை அழுத்துவார், பாவம்.

எல்லாருக்கும் ஒரே விதிதானே என்று கேட்பவர்கள் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் செய்து தரக்கூடிய மாற்றத்தை ஒருவருக்கு மறுத்தால், அதுவும் பாகுபாடுதான் என்கிறது. மெஷினில் இன்னொரு பட்டன் வைப்பது யாருக்குச் சுமை?

இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை வைத்திருப்பவர்கள், மற்றவர்கள் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில்கூடப் பெரும்பாலும் மூன்று மணி நேரம் நிறுத்தலாம். அந்த அட்டையோடு, வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தையும் கண்ணாடி அருகே வைத்தால் போதும். கலிபோர்னியாவில் இப்படி அட்டை உள்ளவர்களுக்குத் தெருவோர மீட்டரில் கட்டணமும் இல்லை, நேர வரம்பும் இல்லை.

நம் ஊரில் மாற்றுத்திறனாளிகள் வண்டி நிறுத்தும் இடத்துக்கு அளவு இருக்கிறது. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 3.6 மீட்டர் அகலம் கேட்கின்றன, அதுவும் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள். கதவை முழுசாகத் திறந்து நாற்காலியை இறக்க அந்த அகலம் வேண்டும். ஆனால் பல இடங்களில் அங்கே ஜெனரேட்டர் நிற்கும், இல்லாவிட்டால் தண்ணீர் கேன் அடுக்கியிருக்கும். சைடு வீல் வைத்த ஸ்கூட்டர்காரர்கள் பாடு இன்னும் மோசம். பைக் வரிசையில் வண்டி நுழையாது, கார் வரிசையில் விட மாட்டார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களிடம் "நல்லாத்தானே நடக்கிறீங்க" என்று கேட்கிறார்களே, அதைக் கேட்கவே எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இப்படிப்பட்ட வசதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அந்த விதிகளில் நேரமும் வர வேண்டும் என்பது என் கோரிக்கை. அடையாள அட்டையைக் காட்டினால் அனுமதி நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். இறங்குகிற நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அன்று நான் அபராதம் கட்டினேன். ரசீதை வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா கன்னடத்தில் மனு எழுதித் தந்தார். ரசீதின் நகலை இணைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்களிடமும் இப்படி ரசீது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், நீங்களும் அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.