அத்தையின் வாயில் யாருடைய பல்?

வணக்கம். இன்று மாடித்தோட்டம் கிடையாது. வெண்டை விதை என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: முளைத்தது, அணில் தின்றது. அதைப் பற்றிப் பேசும் மனநிலையில் நான் இல்லை. அத்தை இருக்கும் முதியோர் இல்லத்துக்கு நேற்றுப் பல் வண்டி வந்தது. அந்தக் கதையை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது.

பல் வண்டி என்பது அத்தை வைத்த பெயர். பால் வண்டி, குப்பை வண்டி மாதிரி. பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் நடமாடும் மருத்துவ ஊர்தி அது. உள்ளே பல் பார்க்கும் நாற்காலி, விளக்கு, வாய் கொப்பளிக்கத் தொட்டி எல்லாம் இருக்கும். ஒரு மருத்துவர் அம்மா, ஐந்து பயிற்சி மருத்துவர்கள், ஓட்டுநர் அண்ணன் ஒருவர். கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்றதும் நான் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஏனென்றால் போன வருடம் அத்தையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போன கதை நினைவிருக்கிறதா? மாடிப்படி வீடியோ. இல்லம் தொண்டாமுத்தூர் பக்கம். கோவை டவுனுக்கு 15 கிலோமீட்டர். வாடகைக் கார் போகவர 1,400 ரூபாய், காத்திருந்ததற்குத் தனியாக 300. மருத்துவமனை முதல் மாடியில், லிஃப்ட் பழுது. சக்கர நாற்காலியோடு அத்தையை இரண்டு பேர் தூக்கினார்கள், அவர்களுக்கு 200. மேலே போனால் மருத்துவர் பல்செட்டை வாங்கி, குத்துகிற இடத்தைச் சின்ன இயந்திரத்தால் சரக்கென்று தேய்த்துக் கொடுத்தார். இரண்டு நிமிடம். அதற்கு 300. ஆக 2,200 ரூபாய். நிமிடத்துக்கு 1,100! வழியில் குடித்த இளநீரைச் சேர்க்கவில்லை. ஜப்பானில் மருத்துவமனையிலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருந்தால் பல் மருத்துவர் வீட்டுக்கோ இல்லத்துக்கோ வந்து பார்க்கலாம், காப்பீடு அதை ஏற்கிறது. அத்தை இங்கே இருந்துகொண்டு ஒரு கிலோமீட்டர் மிச்சம் வைத்திருக்கிறார், என்ன பிரயோஜனம்!

சரி, வண்டிக்கு வருகிறேன். காலை ஒன்பதரைக்கு வந்துவிட்டது. இல்லத்து வாசலில் ஒரு சிமெண்ட் வளைவு இருக்கிறதே, போகன்வில்லா படர்ந்தது, நான்கூட அதன் கீழே நின்று ஒரு வீடியோவில் பேசியிருக்கிறேன். அந்த வளைவைவிட வண்டி நாலு விரற்கடை உயரம். உள்ளே வரவில்லை. காவலாளி 'வரும், வரும்' என்கிறார். ஓட்டுநர் அண்ணன் இறங்கிப் பார்த்து 'வராது' என்கிறார். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம் என்றார் ஒரு தாத்தா. அவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர், அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். காற்றையும் இறக்கினார்கள். இரண்டு விரற்கடை குறைந்தது. இன்னும் இரண்டு மிச்சம். பத்துப் பதினைந்து பேர் சக்கர நாற்காலியிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் வரிசையாக உட்கார்ந்து, தேர் நகருமா என்று பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே நாற்பது நிமிடம். கடைசியில் வண்டி சாலையோரத்திலேயே நின்றது. இறக்கிய காற்றை எங்கே போய் அடைப்பது என்று ஓட்டுநர் அண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது.

வளைவைத் தாண்டியிருந்தாலும் பயன் இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வண்டிக்குள் ஏற மூன்று படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். இல்லத்தில் இருப்பவர்கள் 34 பேர். அதில் அந்தப் படிகளில் ஏறக்கூடியவர்கள் இரண்டு பேர், அந்தப் பொறியாளர் தாத்தாவும் சமையல்காரரின் மாமனாரும். மருத்துவர் அம்மாவுக்கு இது புதிதல்ல போலிருக்கிறது. அலட்டிக்கொள்ளாமல் 'பெட்டியை இறக்குங்கள்' என்றார். வண்டியிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. ஊருக்குப் போக எடுத்துவைக்கிற சூட்கேஸ் அளவுதான். உள்ளே சின்னக் காற்றழுத்த இயந்திரம், பல்லைத் தேய்க்கும் கருவி, எச்சிலை உறிஞ்சும் குழாய், தண்ணீர்ப் புட்டி. மின் இணைப்பு கொடுத்ததும் சாப்பாட்டுக் கூடம் பல் மருத்துவமனை ஆகிவிட்டது. இந்தப் பெட்டி ஆட்டோவிலேயே வந்துவிடுமே, எதற்கு அவ்வளவு பெரிய வண்டி என்று கேட்டேன். 'பள்ளிக்கூடங்களுக்கு வண்டி நல்லது, பிள்ளைகள் குதித்து ஏறிவிடுவார்கள். இங்கே பெட்டிதான் சரி' என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. எங்கள் வளைவு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். யாரையும் சக்கர நாற்காலியிலிருந்து இறக்கவில்லை, படுக்கவும் வைக்கவில்லை. பின்னால் நின்றுகொண்டு, இடது கையால் தலையை வளைத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். மல்லாந்து படுத்தால் தண்ணீரும் எச்சிலும் தொண்டைக்குள் போய்ப் புரையேறும், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு அது நுரையீரலுக்கே போகலாம் என்றார்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் முன்னால் மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். நான் அத்தைக்கு லேமினேஷன் செய்தே வைத்திருக்கிறேன், தெரியும்தானே? எடுத்து நீட்டினேன். 'எல்லோரும் இப்படி வைத்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்' என்று சொன்னார். அதை நான் பதிவு செய்யவில்லை, அதுதான் வருத்தம். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் பல் எடுக்கும்போது கவனம் வேண்டும். அதைத் தானாக நிறுத்திவிட்டும் வரக்கூடாது. இது பலருக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்று அங்கே நடந்தது. ஒரு பாட்டிக்கு ஆடுகிற கடைவாய்ப் பல். எடுத்துவிடலாம் என்ற நிலை. மருத்துவர் அம்மா விடாமல், 'எலும்புத் தேய்மானத்துக்கு ஏதாவது ஊசி போட்டீர்களா?' என்று கேட்டார். இல்லை என்றார்கள். மகளுக்குத் தொலைபேசியில் பேசினால், ஆமாம், வருடத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள்! தினமும் விழுங்குவது இல்லை என்பதால் பட்டியலில் யாரும் எழுதவில்லை. அந்த மருந்து போட்டவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போய்விடலாமாம். பல்லை எடுக்கவில்லை, கல்லூரிக்கு வரச் சொல்லி எழுதிக்கொடுத்தார். உங்கள் வீட்டுப் பட்டியலில் அந்த ஊசி இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

சொத்தைக்கு ஒரு மருந்து தொட்டு வைத்தார்கள், சில்வர் டையமைன் ஃபுளோரைடு. துளைப்பது இல்லை, ஊசி இல்லை. பல்லை உலர்த்திவிட்டு, சின்னத் தூரிகையால் ஒரு சொட்டு. வயதானால் ஈறு கீழே இறங்கி வேர் வெளியே தெரியும், அங்கேதான் சொத்தை விழும். மாத்திரைகளால் வாய் வேறு உலர்ந்துபோகும், காக்க எச்சிலும் இருக்காது. அந்தச் சொத்தையை இந்த மருந்து அப்படியே நிறுத்தப் பார்க்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரே குறை, சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதைச் சொல்லிச் சம்மதம் கேட்டபோது பொறியாளர் தாத்தா, 'முன்பல்லுக்கு வேண்டாம், எனக்கு இன்னும் புகைப்படம் எடுக்கவேண்டியிருக்கிறது' என்றார். முன்பல்லில் பசை போன்ற ஒரு சிமெண்டை வைத்து அடைத்துவிட்டார்கள்.

இப்போது அத்தை.

இரண்டு வாரத்துக்கு முந்தைய வீடியோவில் நான் அத்தையைத் திட்டினேன். நிறையப் பேர் பார்த்திருக்கிறீர்கள். பொங்கலுக்கு நான் போகவில்லை என்று கோபம், அதனால்தான் சாப்பிட மறுக்கிறார், பருப்புச் சோற்றைக் குழைத்துக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளுகிறார் என்று கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த வீடியோவை நீக்கிவிட்டேன்.

மருத்துவர் அம்மா அத்தையின் கீழ்ப் பல்செட்டை விரலால் தொட்டார். ஊஞ்சல் மாதிரி ஆடியது. மேலே உள்ளதையும் கழற்றி, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, 'அம்மா, மேலே இருப்பது உங்களுடையது. கீழே இருப்பது யாருடையது?' என்றார்.

எனக்குப் புரியவே இல்லை. அத்தைக்கு உடனே புரிந்தது. 'நான் அப்போதே சொன்னேன் கண்ணு, இது என் பல் இல்லை என்று' என்றார். சொல்லியிருக்கிறார். என்னிடமே சொன்னார். பல்செட் இல்லாத வாயில் அது எப்படிக் கேட்டதோ, ஏதோ புலம்பல் என்று நான் 'சரி, சரி' என்று தலையாட்டியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பன்னிரண்டு பேருக்கு ஓர் உதவியாளர். பாவம், நல்ல பெண். இரவில் ஒவ்வொரு பல்செட்டையும் தனித்தனியாகக் கழுவ நேரம் இல்லாமல், எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுச் சுத்தமாகக் கழுவியிருக்கிறாள். நல்லதுதான் செய்திருக்கிறாள். காலையில் எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. தோராயமாகக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரம் அத்தை வேறொருவர் பல்லால் மென்றுகொண்டிருந்தார்.

அத்தையின் கீழ்ப் பல்லில் ஓர் அடையாளம் உண்டு. கை கழுவும் தொட்டியில் விழுந்து, இடது ஓரம் அரிசி அளவு உடைந்திருக்கும். தேடினால், எதிர்ச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பாட்டியின் வாயில் இருந்தது. அவருக்கு அந்த இடத்தில் ஈறு புண்ணாகி, அந்த மூன்று வாரமும் கஞ்சிதான். கிருமிநாசினியில் ஊறவைத்துக் கழுவி, இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து மாற்றிக்கொடுத்தார்கள். ஆளுக்கொரு காகிதக் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு, சம்பந்தி வீட்டார் தட்டு மாற்றுகிற மாதிரி. அத்தை போட்டதும் வாயை இரண்டு முறை மூடித் திறந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். 'ம்' என்றார். அவ்வளவுதான்.

இனி இப்படி ஆகாமல் இருக்க, எல்லாவற்றிலும் பெயர் எழுதலாம் என்றார் மருத்துவர் அம்மா. இல்லத்தில் மொத்தம் 11 பேர் பல்செட் போடுகிறார்கள். கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கம், இளஞ்சிவப்புப் பகுதியில் ஓர் இடத்தை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும். பென்சிலால் பெயர் எழுதவேண்டும். மேலே ஒளி ஊடுருவும் பூச்சு, காய்ந்ததும் இன்னொரு முறை. அவர் கொண்டுவந்த பூச்சு ஆறு பேரோடு தீர்ந்துவிட்டது. நிறமில்லாத நெயில் பாலிஷ் இருந்தால் போதும், சில மாதம் தாங்கும், அழிந்தால் மறுபடி எழுதலாம் என்றார். நான் ஓடினேன். சாலை முனையில் ஃபேன்சி ஸ்டோர். 80 ரூபாய் என்றார். நிறமே இல்லாத பாலிஷுக்கு நிறம் உள்ளதற்கான விலையா என்று கேட்டேன். யோசித்தார். 65க்கு வாங்கிவிட்டேன். 2,200 ரூபாய் எங்கே, 65 எங்கே! அறை எண்ணை எழுதலாம் என்று ஒரு பயிற்சி மருத்துவர் சொன்னபோது, 'அறை மாறும், பெயர் மாறாது' என்றார் மருத்துவர் அம்மா. ஒரே பெயரில் மூன்று பாட்டிகள் இருந்ததால் தலைப்பெழுத்தும் சேர்ந்தது.

கிளம்பும் முன் அந்த உதவியாளர் பெண்ணைக் கூப்பிட்டு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். திட்டவில்லை. பல்செட்டை வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும், பற்பசையால் தேய்த்தால் கீறல் விழும், சாதாரண சோப்பும் மென்மையான தூரிகையும் போதும், ஆளுக்கொரு டப்பா, தண்ணீரில் மூழ்கி இருக்கவேண்டும், இரவில் கட்டாயம் கழற்றவேண்டும். கழற்றுவதில் அத்தைக்கு வழக்கு உண்டு, 'ராத்திரி யாராவது வந்தால்?' என்பார். யார் வரப்போகிறார்கள்! நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்ட 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்திருக்கிறார்கள், 2015இல் வெளியானது. பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கேயே 2002இல் வெளியான இன்னொன்று: 11 இல்லங்கள், இரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உதவியாளர்கள் பல் துலக்கிவிட்ட குழுவில் நிமோனியா வந்தவர்கள் 11 சதவீதம், அப்படிச் செய்யாத குழுவில் 19. பிரஷ்தான். வண்டி ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி வரும். பிரஷ் அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது, அவளுக்குப் பன்னிரண்டு வாய். இன்னோர் ஆளைப் போடுங்கள் என்று நிர்வாகியிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்பேன். என்னைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

டப்பாவைச் சொல்லவில்லையே. மருந்துக் கடையில் பல்செட் டப்பா 190 ரூபாய், உள்ளே சல்லடை வைத்தது. 11 பேருக்கு 2,090. சல்லடை எதற்கு, முறுக்கா பிழியப் போகிறோம்? பாத்திரக் கடையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஒன்று 22 ரூபாய். 11க்கு 242, இரண்டு ரூபாயைக் குறைத்துக்கொண்டார். மூடியில் பெயர், டப்பாவிலும் பெயர். மூடிகள் இடம் மாறும் என்று சொன்னது அந்த உதவியாளர் பெண்தான்.

காலையில் அத்தை தொலைபேசியில் பேசினார். இட்லி மூன்று, போதாமல் பக்கத்துத் தட்டிலிருந்து வடை ஒன்று. பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தப் பாட்டிலில் மிச்சம் இருந்த நெயில் பாலிஷைத் தானும் எதிர் மேசைப் பாட்டியும் விரலுக்குப் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். நன்றாகத்தான் மின்னுகிறதாம், ஆனால் போட்ட மாதிரியே தெரியவில்லையாம். வெள்ளிக்கிழமை வரும்போது சிவப்பு வேண்டுமாம். ஃபேன்சி ஸ்டோர்காரர் இந்த முறை நிறத்துக்கான முழு விலையையும் கேட்பார்.