கடல் பக்கம் குறி வைத்தால்தான் கிரீன் கிடைக்கும்

வணக்கம் நண்பர்களே, இது கடலோர கோல்ஃப் மைதானம், மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டியும் காற்றின் இரைச்சல்தான், அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இடது பக்கம் புல்வெளி சட்டென்று முடிகிறது, அதற்குக் கீழே செங்குத்துப் பாறை, அடியில் அலை. ஆறாவது ஹோலின் டீயில், அதாவது முதல் அடி அடிக்கிற இடத்தில் நிற்கிறேன், பார் 3, அதாவது மூன்று அடிக்குள் பந்தைக் குழியில் போடுவதுதான் கணக்கு, தூரம் 140 கஜம். காலையிலிருந்து இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன், அவ்வளவு அழகு!

கொடி லேசாகத்தான் ஆடுகிறது, இல்லையா? அதை நம்பாதீர்கள். கிரீன், அதாவது குழி இருக்கிற குட்டைப் புல்தரை, ஒரு மேட்டின் மறைவில் ஒதுங்கியிருக்கிறது, பந்து பறக்கிற உயரத்தில் இருப்பது வேறு காற்று. அது கடலிலிருந்து வந்து பாறையில் மோதி மேலே ஏறுகிறது, அதனால் புல்லைக் கிள்ளிப் போட்டால்கூடக் கீழே விழாமல் என் தலைக்கு மேலே போகிறது. நான் அலையின் நுரை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். இன்று இடது முன்பக்கத்திலிருந்து வருகிறது.

இந்தத் தூரத்துக்கு வழக்கமாக 8 அயர்ன் என்கிற மட்டை, எண் குறையக் குறையப் பந்து தூரம் போகும். இன்று 6 அயர்ன், அதுவும் முக்கால் ஸ்விங்தான். எதிர்க்காற்று என்றதும் பலமாக அடிக்கத்தான் கை போகும், ஆனால் பலமாக அடித்தால் பேக்ஸ்பின், அதாவது பந்தின் பின்னோக்கிய சுழற்சி கூடும், அது கூடினால் பந்து ஜிவ்வென்று மேலே ஏறி, அங்கேயே தயங்கி, பொத்தென்று விழும். பந்தைக் கொஞ்சம் வலது கால் பக்கம் தள்ளி வைத்து, பிடியை இரண்டு விரல் இறக்கி, அடித்து முடிக்கும்போது கையை நெஞ்சு உயரத்தில் நிறுத்திவிடுங்கள், பந்து தாழ்வாகப் போகும்.

இப்படிப் பெரிய மட்டை எடுத்ததற்கு ஒரு கதை சொல்கிறேன். கலிபோர்னியாவில் பெபிள் பீச் மைதானத்தின் ஏழாவது ஹோல் 110 கஜம்கூட வராது. 1992 யு.எஸ். ஓப்பன் கடைசி நாளில் அடித்த காற்றுக்கு அமெரிக்க வீரர் டாம் கைட் அங்கே 6 அயர்ன் எடுத்தார். பந்து கிரீனுக்கு இடப்பக்கம் போய்விட்டது, அங்கிருந்து சிப் செய்து, அதாவது பந்தை லேசாகத் தூக்கித் தட்டி, நேராகக் குழிக்குள் போட்டார், பட்டத்தையும் ஜெயித்தார். எல்லோரும் அந்தச் சிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள், எனக்கு அந்த 6 அயர்ன்தான் பெரிது. வெட்ஜ் என்கிற குறுந்தூர மட்டை எடுக்கிற தூரத்தில் அதைக் கையில் எடுக்க மனசு வர வேண்டுமே.

சரி, அடிக்கிறேன். கொடிக்கு நேராக அடித்தால் காற்று வலது பங்கருக்கு, அதாவது மணல் குழிக்குத் தள்ளிவிடும், அதனால் இடது பக்கம் கடலோரப் பள்ளத்துக்கு மேலேதான் குறி. பயமாகத்தான் இருக்கிறது.

போகிறது... திரும்பு, திரும்பு... வந்துவிட்டது! கிரீன் மேலேயே!

இப்போது கிரீனில் நிற்கிறேன். பந்து கிடந்த இடத்தில் அடையாளம் வைத்து, பந்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தேன், காற்றில் அதுவே ஒரு ஜாண் உருண்டுவிட்டது. இப்படி எடுத்து வைத்த பிறகு நகர்ந்தால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும், அபராதம் கிடையாது. எடுக்காமலே நகர்ந்திருந்தால் புது இடத்திலிருந்துதான் ஆட வேண்டும். குழிக்குப் பன்னிரண்டு அடி இருக்கும், காலை நன்றாக அகட்டி நின்றுகொள்கிறேன், இல்லையென்றால் காற்று ஆளையே அசைக்கிறது.

ம்ம்... குழியின் ஓரத்தில் நின்றுவிட்டது. இன்னொரு தட்டில் உள்ளே, மொத்தம் மூன்று, பார்தான். ஏழாவது ஹோலில் காற்று முதுகுப் பக்கம், வாருங்கள் போகலாம்.