முதலாளிக்கு முன்சீட்டு

நடுவர் ஐயாவுக்கும், விழாக் குழுவுக்கும், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், பேச்சைக் கேட்காதது போல டீக்கடையில் நிற்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

இளவயதில் வண்டி ஓட்டக் கற்பது அவசியமா, அனாவசியமா? நான் அவசியம் என்ற அணி. கையில் நாலு பக்கக் குறிப்பு இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டேன், காரணம் எதிரணி அண்ணன். "ஓட்டத் தெரிஞ்சவன் டிரைவர், தெரியாதவன் முதலாளி. போனைத் தட்டினா வாசலுக்குக் கார் வருது. பின்சீட்டுல கால் மேல கால் போட்டு உட்காராம, எதுக்கு இந்தத் தங்கச்சி கிளட்சை மிதிச்சுச் சாகுது?" என்றார். நீங்களும் விசில் அடித்தீர்கள்.

நடுவர் ஐயா, நாங்கள் எல்லோரும் திருச்சியிலிருந்து ஒரே வேனில்தான் வந்தோம். வேன் வந்து நின்றதும் இந்த முதலாளி சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "தம்பி, எனக்கு முன்சீட்டு. பின்னாடி உட்கார்ந்தா குமட்டும்."

சரி, உட்கார்ந்தாரே, சும்மா வந்தாரா? மாத்தூரில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் லேசாக ஒடித்தார், ஆடு அதன் வழியில் போய்விட்டது. அண்ணன் மட்டும் பிரேக் போட்டார். எந்தப் பிரேக்? இல்லாத பிரேக்! இரண்டு காலையும் ஊன்றி, கண்ணை மூடி, ஒரு மிதி. கீரனூர் வருவதற்குள் வேனின் கால்மிதி ரப்பர் தேய்ந்துவிட்டது. ஓட்டினவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார் ஐயா. முதலாளிக்குத்தான் வழியெல்லாம் வேலை.

இல்லாத பிரேக்கை மிதிப்பது பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். எனக்கு 22 வயது. ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பேர் வேண்டாம், இன்றும் அந்தத் தெரு வழியாகத்தான் போய் வருகிறேன். மாஸ்டர் எப்போதும் போனில்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு ஓட்டுவேன். ஆறு நாள் வண்டி ஒருமுறை கூட நிற்கவில்லை. வீட்டில் போய், "எனக்குப் பிறவியிலேயே டிரைவிங் வருதும்மா" என்று சொல்லியிருக்கிறேன்.

ஏழாம் நாள், தென்னூர் மேம்பாலம். ஏற்றம். மாப்பிள்ளை வீட்டில் என்ன கேட்டார்களோ, மாஸ்டர், "எத்தனை பவுனு?" என்று கத்திக்கொண்டே இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டுவிட்டார். வண்டி ஒரு குலுக்கு. ஆஃப். அப்போதுதான் எட்டிப் பார்க்கிறேன், அவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக்! ஆறு நாளாக ஓட்டினது நானில்லை, மாஸ்டரின் கால்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். பாலத்தின் நடு ஏற்றம், வண்டி ஆஃப், மாஸ்டர் சம்மணம், எனக்குப் பின்னால் சத்திரம் போகிற டவுன் பஸ். உண்மையில் ஒரு பஸ்தான். காலேஜில் சொன்னபோது இரண்டு பஸ். போன மாதம் ஒரு மேடையில் மூன்று. இன்றைக்கு நீங்கள் கைதட்டுவதைப் பொறுத்து.

மூன்று தடவை ஸ்டார்ட் செய்தேன், மூன்று தடவையும் ஆஃப். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு முழம் பின்னால் வேறு போகிறது. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார். "பாப்பா, ஹேண்ட் பிரேக்கைப் போடு. அரை கிளட்சுக்கு வா, வண்டி மூக்கைத் தூக்கும், அப்ப பிரேக்கை விடு. பதறாத, எங்க வண்டியில யாருக்கும் அவசரமில்ல" என்றார். பஸ் ஜன்னல் பூராவும் தலை. அத்தனை பேரும் ஒரே குரலில், "அவசரந்தான்!"

மூக்கைத் தூக்கியது ஐயா. விட்டேன், ஏறியது. கண்டக்டர் பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து ஊதி, "ரைட், போலாம்" என்றார். தமிழ்நாட்டிலேயே கண்டக்டர் ரைட் கொடுத்துப் போன ஒரே மாருதி 800 அதுதான்.

இன்னொருவர் கேட்டார், 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை, அப்புறம் எதற்கு லைசென்ஸ் என்று. இப்போது மணி பதினொன்றரை. கடைசி பஸ் போய்விட்டது. அவ்வளவுதான் பதில். 18 முடிந்தால் எல்.எல்.ஆர். போடலாம், 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். டூ வீலருக்கு 8 போட்டால் முடிந்தது. அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தேன்? அதுவும் இந்தப் புதுக்கோட்டை மண்ணில்? 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகின ஜில்லா இது. இங்கே பாயில் உட்கார்ந்திருக்கும் அத்தைமார்களில் அன்றைக்கு முட்டியைத் தேய்த்துக்கொண்டவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா ஐயா?

மணியில் கை வைக்கிறீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் விளையாட்டாகத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார், டிரைவர் என்று. எங்கள் அப்பா டிரைவர். முப்பது வருடம் ஒரே வீட்டுக் காரை ஓட்டினார். நான் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கி, தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். அப்பா கை தானாக வலது பக்கக் கதவுக்குப் போனது. அப்புறம் நினைவு வந்து, "நான் எங்கம்மா உட்காரட்டும்?" என்றார். பின்சீட்டைக் காட்டினேன். சீட்டு நுனியில் உட்கார்ந்தார். திருவெறும்பூர் வரைக்கும் அவரும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் வந்தார், அண்ணனைப் போலவே. துவாக்குடி தாண்டினதும் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தேன். வேட்டித் தலைப்பைக் கையில் பிடித்தபடி, ஜன்னலில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்குகிறார். ஓடுகிற காரில் அப்பா தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செங்கிப்பட்டியில் ஒரு வைக்கோல் லாரி வழிவிடாமல் போனது. ஹாரனில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். தஞ்சாவூர் வரைக்கும் அந்த லாரிக்குப் பின்னாலேயே போனேன் ஐயா.

வணக்கம்.