நட்டு இறுக்கமா இருக்கு, ஷாக் உடைஞ்சிருக்கு

[காட்சி: பழைய எஸ்யூவி ஒண்ணு ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா ஏறி இறங்குது. பின்பக்கத்துல இருந்து ஒரு “டொக்”.]

கேட்டுச்சா? இன்னொரு தடவை போடறேன்.

[அதே காட்சி, மெதுவா.]

ஏறும்போது சத்தமே இல்ல. பின் சக்கரம் மேட்டைத் தாண்டிக் கீழ இறங்குது பாருங்க, அங்கதான் டொக்.

இந்த ஒரு சத்தத்துக்காக நான் மாத்தின சாமானைச் சொல்றேன், சிரிக்கக் கூடாது. ஸ்டெபிலைசர் லிங்க் புஷ் ரெண்டு தடவை, புஷ்னா இணைப்புல அதிர்வை வாங்கற ரப்பர். ஆக்சிலை முன்னும் பின்னும் நகராமப் பிடிக்கற ட்ரெய்லிங் ஆர்ம், அதோட புஷ் ஒரு செட். ஸ்டெப்னி தொங்குற இடத்துல ரப்பர் வெச்சுக் கட்டினேன். டிக்கியில இருந்த டூல்ஸ் அத்தனையும் இறக்கி வெச்சுட்டு ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்துச்சு. ஷாக்கையும், அதாவது சக்கரத்தோட ஆட்டத்தை அடக்கற ஷாக் அப்சார்பரையும் பார்த்தேன், பார்க்காம இல்ல. மேல நட்டு இறுக்கமா இருந்துச்சு, புஷ் இடத்துல இருந்துச்சு, ஆயில் கசிவு இல்ல. “ஷாக் நல்லாருக்கு”னு நானே முடிவு பண்ணிட்டேன். தப்பு அங்கதான்.

[காட்சி: வண்டியோட பின் ஆக்சில், கீழே இருந்து.]

முதல்ல வண்டியைப் பத்தி. இது சேசிஸ் மேல பாடி உட்கார்ற பழைய கட்டுமானம். பின்னால ஒரே துண்டா ஆக்சில். ரெண்டு பக்கமும் காயில் ஸ்பிரிங், அதுக்குத் தனியா ஷாக். ஆக்சில் இடம் வலம் நகராமப் பிடிச்சுக்கிறது இந்தக் குறுக்குக் கம்பி, பான்ஹார்ட் ராட். எனக்கு முன்னால வெச்சிருந்தவர் வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தற லிஃப்ட் கிட் போட்டிருக்கார். ஸ்பிரிங், ஷாக் எல்லாமே வெளி மார்க்கெட் சரக்கு. கம்பெனி பார்ட் எதுவும் இல்ல.

சத்தம் எங்க இருந்து வருதுன்னு காதை நம்பித் தேடாதீங்க. சேசிஸ் ஒரு நீளமான இரும்பு, ஒரு முனையில தட்டினா இன்னொரு முனையில கேக்கும். எங்கங்கறதை விட எப்ப வருதுங்கறதுதான் துப்பு குடுக்கும். பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே அதே மேட்டுல ஏறுங்க. சத்தம் நின்னுபோச்சுன்னா, பிரேக் பேட், காலிபர் பக்கம் போங்க. ஆக்சிலேட்டர் குடுக்கும்போதும் விடும்போதும் வந்தா ஆர்ம் புஷ். சக்கரம் மேல ஏறும்போது டம்முனு வந்தா பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேல வரும்போது முட்டற ரப்பர் கட்டை), இல்ல ஷாக் அடியோட முட்டுது. சக்கரம் கீழ விழும்போது வந்தா, ஏதோ ஒண்ணு இழுபடும்போது விட்டுப்போய் மறுபடி வந்து ஒட்டுது.

என்னோடது கடைசி ரகம். கீழ விழும்போது இழுபடற சாமான் எதுன்னு யோசிச்சா முதல்ல வர்ற பேரே ஷாக்தான். ஆனா ஷாக்தான் நல்லாருக்கே?

[காட்சி: சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட்பிரேக். இன்ஜின் ஆஃப்.]

எஸ்யூவியில ஒரு வசதி, உயரம். முதல் சோதனைக்கு ஜாக்கியே வேண்டாம். சமதளத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை குடுத்துட்டு, தரையில படுத்தாலே ஷாக் கைக்கு எட்டும். ஜாக்கி மட்டும் தாங்கி நிக்கிற வண்டிக்குக் கீழ தலையைக் குடுக்காதீங்க. தூக்கித்தான் ஆகணும்னா சேசிஸுக்கு ஜாக் ஸ்டாண்ட் வெச்ச பிறகு.

பலபேர் பண்றது, பின்பக்கத்தை அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுதுன்னு பாக்கறது. என் வண்டி அதுல பாஸ். ஏன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

ஒரு நீளமான லீவரை எடுங்க. ஷாக் மேல போய் சேசிஸ்ல மாட்டற இடம் இருக்குல்ல, அங்க கீழ் வாஷருக்கும் ஷாக்கோட ராடுக்கும் பக்கத்துல லீவரைக் குடுத்து, ராடைக் கீழ பார்த்துத் தள்ளுங்க. குரோம் ராடுல லீவர் உரசக் கூடாது, கீறல் விழுந்தா சீலைத் தின்னுடும். துணி சுத்திக்கோங்க.

[காட்சி: மிக நெருக்கம். லீவர் அழுத்த, ராடுக்கும் வாஷருக்கும் நடுவுல ஒரு இடைவெளி திறக்குது. விட்டதும் “டொக்”.]

பார்த்தீங்களா? வாஷர் அங்கயே நிக்குது. புஷ் அங்கயே நிக்குது. மேல இருக்கற நட்டும் அசையல. ராடு மட்டும் தனியாக் கீழ வருது. விட்டதும் தானா மேல போய் ஒட்டிக்குது.

இது கேஸ் ஷாக். உள்ள அழுத்தத்துல நைட்ரஜன் இருக்கு. கையில வெச்சு அமுக்கி விட்டா தானா நீளும். இந்த ஷாக்ல ராடோட நுனி ஒல்லியாகி, மரை வெட்டின ஒரு பின்னா மேல போகும். அந்தப் பின்தான் சேசிஸ் ஓட்டை வழியாப் போய், மேல ஒரு புஷ், கீழ ஒரு புஷ், வாஷர், நட்டுன்னு இறுக்கப்பட்டிருக்கு. ராடு ஒல்லியாகற அந்தப் படிக்கட்டுலதான் பின் துண்டாப் போயிருக்கு. மேல்துண்டு நட்டு, புஷ்ஷோட பத்திரமா ஓட்டையில உட்கார்ந்திருக்கு. கீழ்த்துண்டை கேஸ் அழுத்தம் மேல தள்ளி வாஷரோட ஒட்டி வெச்சிருக்கு. நின்ன வண்டியில பார்த்தா உடைஞ்சதே தெரியாது.

அமுக்கிப் பாக்கற சோதனையில அது பாஸ் ஆனதும் இதனாலதான். அமுக்கும்போது ராடு வாஷரை முட்டுது, ஷாக் வேலை செய்யுது. மெதுவா எழும்போது கேஸ் அழுத்தம் பின்னாடியே ராடைத் தள்ளிக்கிட்டு வந்துடுது, அடுத்த பக்க ஷாக்கும் பின்பக்கத்தைப் பிடிச்சு வெச்சுக்குது. ஆனா சக்கரம் மேட்டுல இருந்து சட்டுனு விழும்போது ஆக்சில் வேகமாக் கீழ போகுது, ஷாக் அவ்வளவு வேகமா நீள முடியாது. அதோட வேலையே வேகத்தைத் தடுக்கறதுதானே. ராடு வாஷரை விட்டுக் கீழ வந்து, மறுகணம் திரும்பி முட்டுது. ஒரு வருஷமா நான் கேட்டுட்டிருந்தது இந்த டொக்.

[காட்சி: ஷாக் கழட்டி மேஜை மேல. உடைஞ்ச பின் தனியா.]

கழட்டின உடனே இதைத் தூக்கிப் போட்டுட்டு அதே ஷாக்கை வாங்கி மாட்டிடலாம். பண்ணாதீங்க. உடைஞ்ச முகத்தை ஒரு நிமிஷம் பாருங்க.

[காட்சி: உடைஞ்ச முகம், லென்ஸ் வழியா.]

ரெண்டு நிறம் தெரியுதா? முக்கால்வாசி இடம் பழுப்பா, வழவழன்னு இருக்கு. அதுல வளைவு வளைவாக் கோடு, அலை வந்து போன மணல் மாதிரி. மிச்சம் கால்வாசி சொரசொரன்னு, சாம்பல் நிறத்துல மினுக்குது. இது ஒரே அடியில உடைஞ்சது இல்ல. ஒரு ஓரத்துல முடி அளவுக்கு விரிசல் ஆரம்பிச்சு, ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள நகர்ந்திருக்கு. தண்ணியும் காத்தும் பட்டதால அந்தப் பகுதி துருப் பிடிச்சிருக்கு. மிச்சம் இருந்த கால்வாசி இரும்பு ஒருநாள் தாங்க மாட்டாம போயிடுச்சு. பெரிய பள்ளத்துல ஒரே அடியா விழுந்து உடைஞ்சிருந்தா முகம் முழுக்கச் சொரசொரப்பா இருந்திருக்கும். ரெண்டு துண்டையும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுப் பாக்காதீங்க, சாட்சியே அழிஞ்சு போயிடும்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா உடையறதுதான் சோர்வு உடைப்பு. அப்படின்னா, திரும்பத் திரும்ப ஏதோ ஒண்ணு இழுத்திருக்கு, இல்ல வளைச்சிருக்கு. இங்க ரெண்டும் நடந்திருக்கு.

வளைச்சதுக்கு ஆதாரம் இந்தப் புஷ். வாஷரைத் தாண்டி வெளிய பிதுங்கி நிக்குது. போட்டவர் நட்டைத் தன் பலம் மொத்தத்தையும் காட்டி இறுக்கியிருக்கார். ஆக்சில் ஆடும்போது ஷாக் கொஞ்சம் சாயணும், அந்தச் சாய்வை ரப்பர்தான் வாங்கிக்கணும். ரப்பர் நசுங்கி இறுகிட்டா, சாய்வு மொத்தமும் பின்னோட கழுத்துக்குப் போகும். அந்தக் கழுத்தைப் பாருங்க, படி நேர் செங்குத்தா வெட்டியிருக்கு. நல்ல பார்ட்டுல அந்த மூலையில ஒரு சின்ன வளைவு விட்டிருப்பாங்க. கூர்மையான மூலையிலதான் விரிசல் பிறக்கும். வெளி மார்க்கெட் பார்ட் எல்லாமே மட்டம்னு நான் சொல்லல. இது இந்த மூலையில மட்டம்.

இழுத்ததுக்கு ஆதாரம் வேணும்னா டேப் எடுக்கணும்.

[காட்சி: வண்டி நாலு சக்கரத்துல நிக்குது. மேல் மவுண்ட்டுக்கும் கீழ் மவுண்ட்டுக்கும் நடுவுல டேப்.]

வண்டி தன் எடையில நிக்கும்போது மவுண்ட்டுக்கு மவுண்ட், அதாவது ஷாக்கை மாட்டற ரெண்டு இடத்துக்கும் நடுவுல, 515 மில்லிமீட்டர். இந்த ஷாக் முழுசா நீண்டா 560. அப்போ சக்கரம் கீழ இறங்கும்போது ஷாக் நீள மிச்சம் இருக்கறது வெறும் 45. லிஃப்ட் இல்லாம இருந்திருந்தா? 50 மில்லிமீட்டர் தூக்கினா ஷாக்லயும் அப்படியே 50 போகாது. இங்க ஷாக் சாய்ஞ்சு நிக்குது, சாய்வு சுமார் 30 டிகிரி, அதனால 43 போகும். ஆக முன்னாடி 88 இருந்த இடத்துல இப்ப பாதி. உயரமான ஸ்பிரிங்கைப் போட்டுட்டு, தூக்காத வண்டிக்கான நீளத்துலயே ஷாக்கைப் போட்டிருக்காங்க. சாதாரணப் பள்ளத்துலயே ஷாக் முழுசா நீண்டு முடிஞ்சு, ஆக்சிலோட எடையை அந்த ஒல்லிப் பின்லயே தொங்க விடுது.

அப்போ நீளமான ஷாக் போட்டா முடிஞ்சுதுன்னு தோணும். அவசரப்படாதீங்க. நீளமா நீளுற ஷாக் சுருங்கும்போதும் நீளமாத்தான் நிக்கும். நான் பார்த்து வெச்ச ஷாக் நீண்டா 600, சுருங்கினா 365. என் வண்டியில பம்ப் ஸ்டாப் முட்டும்போது மவுண்ட் இடைவெளி 385, அந்த ரப்பர் நல்லா அமுங்கினா 355 வரைக்கும் போகும். 365-ல சுருங்கி முடியற ஷாக்கை 355-க்கு அமுக்கினா, இந்தத் தடவை பின் இல்ல, உள்ள இருக்கற பிஸ்டனே போயிடும். அதனால பம்ப் ஸ்டாப்புக்கு ஒரு ஸ்பேசர் குடுத்தேன். இப்ப ரப்பர் நல்லா அமுங்கினாலும் 380-ல நிக்குது, 15 மில்லிமீட்டர் கையில இருக்கு. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏத்தியும் அளந்து பாருங்க, ரெண்டும் சேர்ந்து ஏறும்போது வர்ற கணக்கும் அதுவும் ஒண்ணா இருக்காது. ஆக்சில் கூடுதலாக் கீழ இறங்கப் போகுது, அதனால பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுதான்னு பார்த்துடுங்க. இதை மறந்தா சத்தத்தை விடப் பெரிய தலைவலி.

[காட்சி: புது ஷாக் மாட்டறது.]

மாட்டும்போது மேல் நட்டை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு காட்டற ஸ்பேனர்) வெச்சு, ஷாக்கோட வந்த தாள்ல இருக்கற அளவுக்கு மட்டும். ஷாக்கோட கீழ்க் கண்ணுல, அதாவது போல்ட் போற வளையத்துல, நடுவுல இரும்புக் குழாயோட ஒட்டின ரப்பர் புஷ் இருக்கு. அந்த போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினா, வண்டி இறங்கின உடனே ரப்பர் முறுக்கின நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில இறக்கி நிறுத்திட்டு இறுக்குங்க.

ராடுல ஒரு கேபிள் டை கட்டி, கீழ ஷாக்கோட பாடி வரைக்கும் தள்ளி விட்டேன். ஷாக் சுருங்கும்போது டையை மேல ஏத்தி விட்டுட்டுப் போகும். அரைமணி நேரம் மோசமான பாதையில ஓட்டிட்டு வந்து பார்த்தேன்.

[காட்சி: டைக்கும் ராடோட மேல் முனைக்கும் நடுவுல அளவுகோல். 22.]

அடி முட்டல. சத்தமும் இல்ல.

ஷாக்கை ஜோடியாத்தான் மாத்தணும், அதனால சத்தமே போடாத வலது பக்க ஷாக்கும் மேஜைக்கு வந்துடுச்சு. பார்வைக்கு ஒரு குறையும் இல்ல. பின்னோட கழுத்துல இருந்த அழுக்கை மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடைச்சேன். அந்தப் படியில ஒரு மெல்லிசு கோடு, கீறலான்னு சந்தேகம். உள்ள அழுத்தம் இருக்கு, ஷாக்கோட பாடியில கையை வைக்காம, பின்னை மட்டும் வைஸ்ல பிடிச்சு, கண்ணாடி போட்டுக்கிட்டு, சுத்தியலால ஒரே ஒரு தட்டு.

[காட்சி: பின் துண்டாப் போகுது. கேமரா நெருங்குது. பாதி முகம் பழுப்பு, அதுல அலை அலையாக் கோடு.]